பெயரை அழித்தால் போதுமா?

பெருந்தொகையான மக்களின் விபரங்களைத் திரட்டி ஆராயும் அறிஞர்கள், “பெயர்களை நீக்கிவிடுகிறோம், எவருடைய அந்தரங்கமும் கெடாது” என்கின்றனர். இக்கூற்றை நாம் ராகலையில் நின்று நோக்குவோம்.

தோட்டப் பெண்களின் இரத்தச் சோகையைப் பற்றி ஓர் ஆய்வு நடப்பதாகக் கொள்வோம். பெயர் நீங்கியபின் எஞ்சுவது இது: வயது 38, கொழுந்து பறிப்பவர், கணவரை இழந்தவர், இரட்டைப் பிள்ளைகளின் தாய், இன்ன தோட்டம், இன்ன டிவிசன். எந்த லயம், எந்தக் காம்பரா என்று கணக்கப்பிள்ளை முதற் கடைக்காரர் வரை எவரும் சொல்லிவிடுவர். தோட்டத்தில் ‘பேர்’ என்றாலே நாட்கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். உடல்வலுவற்றவர் என்று அறியப்படுவது அவருக்கு வெறும் மனக்கூச்சமன்று. அடுப்பெரிவது பற்றிய விடயம்.

சிற்றூருக்கு மட்டுமே உரிய தொல்லை இது என்பதற்கில்லை. பதினைந்து இலட்சம் பேரின் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒருவர் எங்கே, எப்போது இருந்தார் என்னும் நான்கு குறிப்புகளே நூற்றுக்கு 95 பேரைத் தனித்துப் பிரிக்கப் போதும் எனக் காட்டியது. திரட்டியவர் நோக்கம் நன்றாயிருப்பதும் காவலாகாது. வாக்களிப்பதற்கென எழுதப்பட்ட இடாப்புகளைக் கையிலேந்தியே 1983 ஜூலையிற் கும்பல்கள் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடின.

அப்படியாயின் கணக்கெடுப்பே வேண்டாமா? அவ்வாறு கூற நாம் துணியோம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்துக் காட்டுவதனாலன்றோ நம்மவரின் வறுமை நாட்டின் கண்ணுக்குப் படுகிறது! மறைக்கிறோம் என்று தோட்டத்தையே மாவட்டச் சராசரியிற் கரைத்துவிட்டால், அந்தப் பெண்ணோடு அவருடைய பசியும் மறைந்துவிடும். மங்கவேண்டியது ஆளின் அடையாளம், வர்க்கத்தின் நிலையன்று. வயதைப் பத்தாண்டுத் தொகுதியாக்கலாம், டிவிசனை விட்டுவிடலாம், ஐந்தாறு பேரே அடங்கும் கட்டங்களை வெளியிடாதிருக்கலாம். ஆய்வின் கூர்மை சிறிது மழுங்கும், மழுங்கட்டும்.

ஒருவரை நேராகவோ மறைமுகமாகவோ இனங்காட்டக்கூடிய தகவலெல்லாம் தனிப்பட்ட தரவே என்கிறது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். நல்லது. ஆனால் பெரட்டுக்களத்தில், துரையும் கங்காணியும் பார்த்திருக்க, “விருப்பந்தானே?” என்று கேட்டால் அந்தப் பெண் தலையசைப்பார். அதனைச் சம்மதமென்று நாம் கொள்ளோம். வேலை முடிந்தபின் காம்பரா வாசலுக்குப் போய், “மறுத்தாலும் உங்களுக்கு ஒன்றும் குறையாது” என்று முதலிற் சொல்லிவிட்டு, பிறகு கேட்கட்டும்.