அஞ்சுவது அறியாமையா?

"படித்துப் படித்துச் சொன்னோம், கேட்கவில்லை! முகாம் போட்டோம், வரவில்லை! கருப்பை வாயில் புற்று இருக்கிறதா என்று பார்க்கச் சில மணித்துளி போதும்; அதற்கும் அஞ்சி ஓடுகிறார்கள். என்ன செய்ய? அறியாமை, ஐயா, அறியாமை!"

இப்படிப் பேசுவோரை நாம் அறிவோம். கெட்டவர்கள் அல்லர். மருத்துவம் கற்றவர்கள், தொண்டுள்ளம் படைத்தவர்கள். நம் தோழர்களிலும் பலர் இவ்வாறே பேசுகின்றனர். பேயோட்டும் பூசாரியையும் குறி சொல்லும் கோடாங்கியையும் சாடிப் பழகிய நா அல்லவா! மருத்துவமனை வாசலில் தயங்கி நிற்கும் பெண்ணைக் கண்டதும் 'மூடநம்பிக்கை' என்ற சொல் தானாகவே வந்து விழுகிறது. அந்தச் சொல்லைச் சற்று நிறுத்தி வைப்போம். பகுத்தறிவு பிறரை அளக்க மட்டும் நாம் கையில் வைத்திருக்கும் முழக்கோல் அன்று.

மணிமுத்தாற்றின் பக்கம் வாருங்கள், தோழரே. காமராசர் ஆட்சியில் எழுந்த அணை. மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். கீழே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், முக்கூடல். தாமிரபரணி பாய்கிறது, நெல் விளைகிறது, பார்ப்பவர் கண் குளிர்கிறது! ஆனால் நிலம் யாரிடம்? நிலமற்ற வீட்டின் திண்ணையில் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். மடியில் தட்டு, தட்டில் புகையிலைத் தூள், பக்கத்தில் நனைத்து எடுத்த இலைக்கட்டு, கத்தரி, நூல். இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலால் கட்டி, நுனியை மடக்கி விடுகிறாள். விரல் நிற்பதில்லை; ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது கூலி. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், இது சரியில்லை, அது சரியில்லை என்று கழித்துவிட்டு எண்ணுவான் கணக்கன். கழிந்ததற்குக் கூலி இல்லை. தூளுக்கு மட்டும் கணக்கு உண்டு.

புகையிலையைக் கையாள்பவரின் உடலில் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிக்கோட்டின் சேர்கிறது என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். முதுகு வலி, கழுத்து வலி, ஓயாத இருமல்: இவை சொல்லியா தெரிய வேண்டும்? அவளிடம் போய், "அம்மா, இது உடலைக் கெடுக்கும், தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியாமலா இருக்கு? இருமுறது நான்தானே!" என்பாள்.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. தெரிந்தும் செய்கிறாள். அவளை அறியாதவள் என்பதா, துணிந்தவள் என்பதா, விதியை நம்பிச் சோர்ந்தவள் என்பதா? மூன்றும் பொருந்தவில்லை. மருத்துவர் ஓர் இடரை எண்ணுகிறார். அவள் பத்து இடர்களை எண்ணுகிறாள். சுற்றாவிட்டால் சனிக்கிழமைக் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் குழுக்கடன் தவணை நிற்கும். தவணை நின்றால் மகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று தானும் தட்டை மடியில் வைப்பாள். இருபது ஆண்டுக்குப் பின் வரக்கூடிய நோய் ஒரு தட்டில். இந்த வாரமே வரப்போகும் பட்டினி மறு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாயும்? மலைமேல் கொழுந்து பறித்த பெண்களின் தராசோ வேறு. 1929 முதல் குத்தகையில் தோட்டம் நடத்திய பம்பாய் பர்மா கம்பெனி 2024இல் வேலையை நிறுத்தியபோது, வேலையோடு வீடும் போகிறதே என்பதுதான் அவர்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய இடராக நின்றது. அட்டைக் கடியும் மூட்டு வலியும் அதற்குப் பின்னால்தான்!

ஒரு சமுதாயம் எந்த இடருக்கு அஞ்ச வேண்டும், வந்த தீங்குக்குப் பழியை யார்மேல் போட வேண்டும் என்பதை அச்சமுதாயத்தின் அமைப்பே வகுக்கிறது என்று மேரி டக்ளஸ் என்ற ஆங்கில நாட்டு மானிடவியலறிஞர் 1966இலும் 1982இலும் வெளியான நூல்களில் விளக்கினார். அயல்நாட்டு ஏடு எதற்கு என்பீர்கள். நம் நாட்டிலேயே இருக்கிறது சான்று.

டி.கே. சுந்தரி ரவீந்திரன் பொருளாதாரம் பயின்றவர். ஏட்டுக் கல்வியோடு நின்றிருந்தால் பேராசிரியர் வரிசையில் ஒருவராக மட்டும் இருந்திருப்பார். 1981இல் செங்கற்பட்டுப் பகுதிச் சிற்றூர்களின் தாழ்த்தப்பட்ட பெண்களோடு சேர்ந்து கிராமப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தோற்றுவித்தார். தம் உடலைப் பற்றிப் பெண்களே பேசவும், கேட்கவும், எழுதவும் அங்கே வழி பிறந்தது. பின்னர்த் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1992இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று மகப்பேற்றில் மாளும் தாய்மாரைப் பற்றியது. தாய் செத்தால் என்ன சொல்லுவர்? நேரத்தில் வரவில்லை, பத்தியம் என்று பட்டினி கிடந்தாள், மருத்துவச்சியை நம்பினாள் என்பர். பழி பிணத்தின்மேல்! அவரோ கேள்வியைத் திருப்பிப் போட்டார். வந்தவளுக்கு என்ன கிடைத்தது? இரத்தம் இருந்ததா? மருத்துவர் இருந்தாரா? வளரும் நாடுகளின் மருத்துவ அமைப்பே அந்தச் சாவுகளில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதை எடுத்து வைத்தார்.

1990களில் தமிழ்நாட்டு மகப்பேற்று விடுதிகளை ஆராய்ந்த சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் 2003இல் வெளியிட்ட நூலில் இதையே கண்டு சொன்னார். பெண்கள் மருத்துவமனையை வெறுக்கவில்லை; அங்கே கிடைத்த ஏச்சையும், கேட்கப்பட்ட காசையும், பிள்ளை பெற்ற கையோடு கருத்தடை வளையம் வைக்கச் செய்யப்பட்ட வற்புறுத்தலையும் வெறுத்தார்கள்.

"அப்படியானால் பெண் கொள்ளும் அச்சமெல்லாம் அறிவு என்கிறீரா?" என்று கேட்கும் தோழர் உண்டு. நல்ல கேள்வி. இல்லை, என்போம். தீட்டுக்கு அஞ்சி மாதம் மூன்று நாள் ஒதுங்குவது மடமை. கண்ணேறுக்கு அஞ்சி, நோயுற்ற குழந்தையை மருத்துவரிடம் காட்டாதது மடமை. இவற்றை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. புற்றுநோய்ச் சோதனை உயிர் காப்பது, அதையும் மறுக்கவில்லை.

பிரித்தறிவது எப்படி? காரணத்தை நீக்கிப் பாருங்கள். தடுப்புத் திரை இல்லாத அறையில், ஆடவர் நடமாடும் இடத்தில், சோதனைக்கு வர மறுத்தவள், திரையும் செவிலியும் கனிந்த சொல்லும் கண்டு வருகிறாள் என்றால், அவள் அச்சம் காரணத்தோடு வந்த அச்சம். காரணம் போனதும் போயிற்று. தீட்டுக்கு அஞ்சுபவளுக்கு எத்தனை சான்று காட்டினாலும் அச்சம் அவ்வளவு எளிதில் அசையாது. அதை ஊட்டியவன் பலனடைந்துகொண்டே இருக்கிறான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடையோர் வேலையாகவே வைத்தார் வள்ளுவர். நாணம் இருக்கிறதே, அதுவும் ஊட்டப்பட்டதுதானே என்பீர்கள். ஆம், ஊட்டியது சமுதாயம். அந்தக் கடனை அவள் கணக்கில் எழுதுவது எந்த நீதி?

இன்னும் ஒன்று. இது நம் ஆடவர் காதுக்கு இனிக்காது. கருத்தடையைப் பற்றிப் பெரியார் 1930களிலேயே பேசினார். பிறர் தாயின் உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமை தீர என்று சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காக என்றார் அவர். ஆனால் நாடு எந்த வழியில் சென்றது? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல், கட்டாயக் கருத்தடை அறுவை பெரிதும் ஆடவர்மீது பாய்ந்தது. ஆடவர் கொதித்தனர், 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் கத்தி பெண்ணின் பக்கம் திரும்பியது, திரும்பியதுதான். 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில், கருத்தடை அறுவையைத் தாமே செய்துகொண்டோர் நூற்றுக்கு 37.9, கணவன் செய்துகொண்டது 0.3. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்ய வேண்டும். ஆணுக்கோ எளிது, இடரும் குறைவு. இருந்தும் ஏன்? 'ஆண்மை போய்விடும், உழைக்கும் வலு போய்விடும்' என்று அஞ்சுகிறான் ஆண். சான்று ஏதுமற்ற அச்சம்! அதைப் போக்க யார் வீடு வீடாகச் சென்றார்? அவன் அச்சத்தை மதித்து அரசின் திட்டமே வளைந்தது. அவள் அஞ்சினால் அறியாமை; அவன் அஞ்சினால் அரசின் கொள்கை!

அந்தக் கொள்கையின் விலையும் தெரிந்ததே. 2014 நவம்பரில் சத்தீசுகர் மாநிலம் பிலாசுப்பூரை அடுத்த முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்தனர். பதின்மருக்கு மேல் மாண்டனர். அத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. முகாமுக்குப் போகும்முன் அஞ்சி வீடு திரும்பியவள் எவளேனும் இருந்திருந்தால், அவளையும் அன்று யாரோ ஒருவர் அறியாதவள் என்றுதான் சொல்லியிருப்பார்.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் அறுவை செய்துகொண்டிருக்கிறார்கள் என்கிறது அதே கணக்கு. அவர்கள் கணவன்மாரில் கூட்டம் நடத்துவோர் உண்டு, கொடி பிடிப்போர் உண்டு, இந்த ஏட்டைப் படிப்போரும் உண்டு. இரண்டாவது குழந்தை பிறந்த வீட்டில், அடுத்து மருத்துவமனை மேசையில் படுப்பது யார் என்ற பேச்சை, தோழரே, உம் வீட்டில் எடுத்தவர் யார்? முடிவு செய்தவர் யார்?