கணக்கேட்டில் இறைவன்

துன்பத்திலே இறைவனை அழைத்த மனிதன் செல்வம் வந்ததும் அவனை மறந்துவிடுகிறான் என்று சமயவாதிகள் நெடுங்காலமாகக் குறை கூறி வந்திருக்கின்றனர். வரலாறு இக்கூற்றை முழுமையாக ஆதரிக்கவில்லை. செல்வருள் பலர் இறைவனை மறப்பதில்லை. தம் இலாபத்திலே அவனுக்கும் ஒரு பங்கு வைக்கின்றனர். மறக்கப்படுவோர் வேறு சிலர்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே அமைந்த ஊர் நாலந்தா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து திரட்டப்பட்ட தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து, இவ்வூர் வழியாக மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பலர். எஞ்சியோர் தம்மோடு மாரியம்மன் வழிபாட்டையும் மலைநாட்டுக்குக் கொண்டுவந்தனர்.

1870இல் இலங்கை பத்து இலட்சம் அந்தருக்கு மேல் கோப்பி ஏற்றுமதி செய்தது. அவ்வளத்திலே தோட்டத் துரைமாருக்குப் பங்கு இருந்தது. அரிசி வாணிபமும் கொடுக்கல் வாங்கலும் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கும் பங்கு இருந்தது. இவர்களைப் பக்தியற்றவர் என்று எவரும் கூற முடியாது. துரைமார் தேவாலயங்களை எழுப்பினர். செட்டியார்கள் வருவாயிலே ‘மகமை’ ஒதுக்கி, இறைவன் பெயரிலே கணக்கு வைத்தனர். மாத்தளையிலே மரத்தடியில் வழிபடப்பெற்ற முத்துமாரியம்மனுக்கு 1874இல் கோயில் எழுந்ததும் அவர்களுடைய பொருளுதவியினாலேதான்.

அக்கொடையை இகழ்வது நம் நோக்கமன்று. உழைத்துக் களைத்த மக்களுக்கு அக்கோயில் ஆறுதலாகவும் ஒன்றுகூடும் இடமாகவும் இருந்தது. ஆயினும், இறைவனுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதை மகமைக் கணக்கு கூறும். மீதமுள்ள பெரும் பங்கு எவருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பதை அது கூறாது. பக்தியின் உண்மையான சோதனை அந்தப் பெரும் பங்கிலே அல்லவா இருக்கிறது?

கோப்பி கொழித்த அதே காலத்தில், 1867இல், கடலுக்கு அப்பால் வடலூரிலே இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்தவரின் பசியை நீக்கும் சீவகாருணியமே இறையருளைப் பெறும் வழி என்பது அவர் கொள்கை. அவர் வழியில் நோக்கினால், பசித்தவனைக் கடந்து கருவறைக்குச் செல்லும் பாதை இல்லை. நாம் இன்னும் ஓரடி முன்னே சென்று, அப்பசி எங்கிருந்து வந்தது என்றும் கேட்கிறோம்.

கடவுளையே ஏற்காதவருக்கு இவ்வினா எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கலாம். இறைவன் என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கொள்கை என்ற சொல்லை வைத்துப் பாருங்கள், வினா மாறுவதில்லை. மே தினத்துக்குச் சந்தா கொடுத்துவிட்டு, மற்ற நாட்களில் தன் வீட்டு வேலையாளின் கூலியைக் குறைப்பவனும் மகமை செலுத்துபவனே.

நாலந்தாவிலே திராவிடக் கட்டடப் பாணியில் அமைந்த கெடிகே என்னும் பழைய பௌத்தக் கற்கோயில் உள்ளது. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கத்திலே மூழ்காதவாறு, அதைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டிலே மீண்டும் எழுப்பினர். போற்றத்தக்க பணி. ஆனால், அவ்வூர் வழியே நடந்து மாண்டவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட எஞ்சவில்லை. கல்லுக்குக் காட்டிய அக்கறை மனிதருக்குக் கிட்டவில்லை.

அவர்களுடைய பேரப் பிள்ளைகளுள் சிலர் இன்று ஆசிரியர், சிலர் வணிகர். மாத்தளைக் கோயிலின் இராசகோபுரம் இன்று 108 அடி உயர்ந்து நிற்கிறது. ஐந்து தேர்கள் வீதி வலம் வருகின்றன. அவ்வடத்தைப் பிடிப்பது நன்று. ஆனால், லயன் அறைகளிலே இன்னும் வாழ்வோர் நியாயமான கூலியும் சொந்த நிலமும் கேட்கும்போது, வளம் பெற்ற நாம் எவர் பக்கம் நிற்கிறோம்? நம் பக்தியையும் கொள்கையையும் அளக்க வேண்டிய இடம் அதுவே.