பிடியரிசியின் கணக்கு

மளிகைச் செலவைச் சுருக்குவது அறமா, கருமித்தனமா? திருக்குறள் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடாமல் இறுக்கிப் பிடிக்கும் இவறலை, 44ஆம் அதிகாரமான குற்றங்கடிதலில் குற்றமாக வைத்த வள்ளுவர், 48ஆம் அதிகாரமான வலியறிதலில் அளவறிந்து கொடுப்பதே பொருளைக் காக்கும் வழி என்கிறார். சிக்கனமும் ஈகையும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. நம் சமையலறையிலேயே இதற்குச் சான்று உண்டு: பிடியரிசி. உலைக்கு அரிசி அளந்தபின், களைவதற்கு முன், ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதை ஒரு திட்டமாகவே வளர்த்தார். மிஞ்சிய சோற்றைக் கொடுப்பது எளிது. இங்கே அளந்ததிலிருந்தே எடுக்கிறார்கள். வீட்டார் ஒரு கவளம் குறைத்து உண்ண, அது இன்னோர் இலைக்குப் போய்ச் சேருகிறது.

அரைவயிறு உண்பவரிடம் இதைக் கேட்பது தகுமா என்றால், தகாது. அவர் தம் பிள்ளைகளுக்காக மிச்சம் பிடிப்பதே ஈகைதான். இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: மிச்சமான பணம் யாருடையது? பெரிய கடையில் அச்சிட்ட விலையை வாய்திறவாமல் கொடுத்துவிட்டு, கீரைக்காரம்மாவிடம் கட்டுக்கு 5 ரூபாய் குறைக்கச் சொன்னால் வீட்டுக் கணக்கில் அதுவும் மிச்சம்தான். ஆனால் நம் ஆசையில் எதுவும் குறையவில்லை. அவர் வீட்டு அடுப்பிலிருந்து எடுத்திருக்கிறோம். இதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துவரம்பருப்பு விலை ஏறும்போது பாசிப்பருப்புக்கு மாறுவதும், முள்ளங்கியின் இலையை எறியாமல் பொரியல் செய்வதும் வேறு. அங்கே யாருடைய தட்டும் காலியாவதில்லை.