பிள்ளைக்குக் கட்சியைக் கொடுக்கிறோமா, நீதியைக் கொடுக்கிறோமா?



கட்சிச் சின்னங்களை நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே அறிந்துகொள்கிறார்கள். ஆனால் வாக்கு என்றால் என்ன என்று நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

வாக்கு ஒரு சாட்சியம். ‘இவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர்’ என்று சாட்சி சொல்கிறோம். தனக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமானாலும் நீதிக்கே சாட்சியாக நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். ‘நாம் பரம்பரையாக இந்தக் கட்சி’ என்று சொல்லி வளர்த்தால், பிள்ளையின் சாட்சியத்தை நாமே முன்கூட்டி எழுதிவிடுகிறோம்.

1989 முதல் நம் நாட்டில் 18 வயதிலேயே வாக்குரிமை உண்டு. அந்த வயதுக்கு முன்பே பிள்ளைகளைத் தயார்படுத்துங்கள். வேட்பாளர்கள் தம் சொத்தையும் வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். யாரும் அதைப் படிக்கலாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள், உங்களுக்குப் பிடித்த வேட்பாளருடையதையும் சேர்த்து. அவர்கள் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள்.

இத்தனையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, வாக்குக்குப் பணம் தர வருபவரிடம் கை நீட்டினால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

நீதிக்குச் சாட்சி சொல்பவர்களாக நம்மையும் நம் சந்ததியையும் அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.