கண்ணுக்கும் பங்குண்டா?

எங்கள் பக்கத்தில் பஸ் பிடித்துச் சுற்றுலா போன எவருக்கும் ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். சாப்பாட்டுக்கு நிறுத்தினால் சாரதியையும் உதவியாளரையும் விட்டுவிட்டு எவரும் கை கழுவுவதில்லை. கடைக்காரரே அவர்களுக்கு ஒரு மேசையில் இலவசமாகச் சோறு வைப்பார். வைக்காத கடையென்றால் நாம் வைப்போம். 'பொடியன் சாப்பிட்டானா?' என்று மூன்று பேராவது கேட்பார்கள். பணியாளன் உணவைச் சமைத்துக்கொண்டு வந்தால் அவனையும் உடன் இருத்த வேண்டும், இயலாவிட்டால் ஒன்றிரண்டு கவளமாவது கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது எமக்குள் அந்தளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. அடுப்பின் சூட்டைத் தாங்கியவன் அவன்தானே என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சோற்றில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம் வேறு விடயங்களில் எப்படி இருக்கிறோம் என்பதைத் தென்மேற்குக் கரையோரத்துப் பழைய தோட்டங்களைப் பார்க்கப் போன ஒரு பயணம் எனக்குக் காட்டித் தந்தது.

ஆசிரியர்களும் குடும்பத்தவர்களுமாக 38 பேர். பணப் பொறுப்பு என்னிடம். அளுத்கமையில் கடற்கரை வீதியை விட்டு உட்புறமாகத் திரும்பித் தர்கா நகரைக் கடக்கும்போது பஸ்ஸுக்குள் சற்று நேரம் பேச்சு நின்றது. 2014 ஜூனில் அங்கே நடந்ததை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு யாரோ பிள்ளைகளுக்கு இனிப்புப் பகிர்ந்தார்கள். பேச்சு மீண்டும் தொடங்கியது.

முதலில் பார்த்தது 'பிரீஃப்' தோட்டம். வழக்கறிஞர் பெஞ்சமின் பாவா ஒரு வழக்கில் கிடைத்த பணத்தைக் கொண்டு வாங்கிய இறப்பர்க் காணி அது என்பதால் அந்தப் பெயர் வந்ததாம். அவர் முஸ்லிம், ஆங்கிலேய வம்சங்களின் கலப்பில் பிறந்தவர் என்றதும் பின் ஆசனத்தில் இருந்த ஹாஜியார் ஒருவர், "அதானே, பாவா எண்டா நம்மட பேரு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மூத்த மகன் பெவிஸ் 1929 இல் அந்தக் காணியைப் பொறுப்பேற்று, இறப்பர் மரங்களுக்கிடையே கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டம் அமைக்கத் தொடங்கினார். 1992 இல் அவர் இறந்தபோது பிள்ளைகள் இல்லை. காணியைத் தம்மிடம் வேலை செய்தவர்களுக்கே பகிர்ந்து எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதை வழிகாட்டி சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். சொல்லும்போது அபூதல்ஹா (ரழி) அவர்களின் 'பைருஹா' தோட்டம் நினைவுக்கு வந்தது. மதீனாப் பள்ளிக்கு எதிரே இருந்த, அவருக்கு மிகப் பிரியமான தோட்டம் அது. அதன் இனிய நீரை நபியவர்கள் போய் அருந்துவார்கள். விரும்புவதிலிருந்து கொடுக்காதவரை நன்மையை அடையமாட்டீர்கள் என்ற கருத்துடைய வசனம் இறங்கியதும் அவர் அதைத் தர்மமாகக் கொடுக்க முன்வந்தார். உறவினர்களுக்குப் பகிரும்படி நபியவர்கள் சொன்னார்கள். பெவிஸ் இந்தச் செய்தியை அறிந்திருந்தாரா என்பது வேறு விடயம்.

அடுத்தது லுனுகங்க. பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ வாவிக்குள் நீண்டு கிடக்கும் மேட்டு நிலம். இளைய மகன், கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948 இல் அதை வாங்கி, ஏறக்குறைய 50 வருடங்கள் செதுக்கிக்கொண்டே இருந்தார். செதுக்கினார் என்பது மிகையல்ல. வீட்டுக்குத் தெற்கேயுள்ள கறுவாக் குன்றின் உச்சியைத் தாழ்த்தி, அப்பால் கிடந்த நீரையும் தூரத்து விகாரையையும் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்கும்படி செய்தார். குன்றில் ஒரு மரத்தின் கீழ் பெரிய சாடி ஒன்று இருக்கிறது. பார்வை அங்கே போய்த் தங்கி, பிறகு நீருக்குத் தாவுகிறது. தோட்டத்தில் ஆங்காங்கே மேசைகள், அவற்றுக்கருகே மணிகள். மணிக்கு மணி ஓசை வேறு. ஓசையைக் கொண்டே ஐயா எங்கே இருக்கிறார் என்று அறிந்து பணியாளர் அங்கே தேநீர் கொண்டு போவார்களாம்.

இவ்விடத்தில்தான் வழிகாட்டி ஒன்றைக் காட்டினார். வீட்டுக்கும் கறுவாக் குன்றுக்கும் இடையே ஊர்ப்பாதை ஒன்று போகிறது. மேலே நின்று பார்த்தால் அது தெரியாது. புல்வெளி ஒரே சரிவாக இறங்கிக் குன்றில் ஏறுவது போலத்தான் தோன்றும். பாதையைப் பள்ளத்தில் இறக்கி, அதன் ஓரத்தைச் சுவரால் மறைத்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தோட்டங்களின் உத்தி இது. அங்கே மாடுகள் வீட்டுப் புல்லுக்கு வராமலும், வேலி கண்ணை உறுத்தாமலும் இருக்க இப்படிச் செய்தார்கள். இங்கே பாதையில் நடப்பவர்கள் பார்வையை உடைக்காமல் போய்வருகிறார்கள். எல்லோரும் வியந்தோம். நானும்தான். அழகான வேலை, பொய் சொல்லக்கூடாது.

பஸ்ஸுக்குத் திரும்பியபோது உதவியாளப் பொடியன் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். பத்தொன்பது இருபது வயதிருக்கும். "உங்களுக்குக் களைப்பா இல்லையா சேர்?" என்றான். நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். "சும்மா கிடக்க ஏலாம, அந்தப் பாதையால ஒரு நடை போய்ட்டு வந்த நான் சேர். உங்கட சத்தம் மேலால கேட்டிச்சு."

அவன் குறையாகச் சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னான். எனக்குத்தான் ஆசனத்தில் உட்கார முடியவில்லை. நுழைவாயிலில் '38' என்று சொல்லி டிக்கட் எடுத்தவன் நான். அவனையும் சாரதியையும் எண்ணவேயில்லை. மறந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டும்.

இதை அருகிலிருந்த நண்பரிடம் சொன்னேன். கணிதம் படிப்பிப்பவர், நேராகப் பேசுவார். "அவன் வேலைக்கு வந்தவன், கூலி வாங்குகிறான். தோட்டத்தில் புல் வெட்டுகிறவன் தினமும் அதைப் பார்க்கிறான், அவனுக்கென்ன இன்பமா? சோறு பசிக்கு. மரம் பார்ப்பது ஆசைக்கு. ரெண்டையும் ஒன்றாக்காதீர்" என்றார். மேலும், வேலி இல்லாத தோட்டம் ஒரு மாதம் நிற்காது, டிக்கட் பணம் இல்லாவிட்டால் இந்த மரங்களுக்கு யார் பசளை போடுவது என்றும் கேட்டார்.

வேலி பற்றி அவர் சொன்னது சரி. எங்கள் பாடசாலைத் தோட்டத்திலேயே முள்வேலி போடும்வரை கொய்யா பழுத்ததில்லை. சொற்களும் அவர் பக்கம்தான் நிற்கின்றன. அரபியில் தோட்டத்துக்கு வழங்கும் 'ஹாயித்' என்ற சொல்லுக்கே சுவர் என்றுதான் பொருள். 'பிர்தௌஸ்' என்பது சுற்றிச் சுவரெழுப்பிய இடம் என்ற பழைய பாரசீகச் சொல்லின் வழியில் வந்தது. 'ஜன்னத்' என்பதோ மூடி மறைத்தல் என்ற வேரிலிருந்து பிறந்தது. மரங்களின் அடர்த்தி நிலத்தை மறைப்பதால் அந்தப் பெயர். ஆக, மறைப்பு இல்லாத தோட்டம் மொழியிலேயே இல்லை.

ஆனால் அல்கலம் அத்தியாயத்தில் வரும் தோட்டக்காரர்கள் வேலி போட்டதற்காகப் பிடிக்கப்படவில்லை. விடியுமுன் அறுவடை செய்துவிடுவோம் என்று சத்தியம் செய்தார்கள். இன்று எந்த ஏழையும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போனார்கள். போய்ப் பார்த்தால் இரவோடு இரவாகத் தோட்டம் கருகிக் கிடந்தது. வகுப்பில் இதைப் பல தடவை படிப்பித்திருக்கிறேன். கஞ்சத்தனத்தின் கேடு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவேன். அன்று பஸ்ஸில்தான் அந்தத் தாழ்ந்த குரல் எனக்கு உறைத்தது. கண்ணில் படாமல் இருந்தால் கொடுக்க வேண்டியதில்லை என்பதல்லவா அவர்கள் போட்ட கணக்கு? எதிரே வந்து நிற்பவனுக்கு இல்லையென்று சொல்வது கடினம். ஆகவே அவன் எதிரே வராத நேரத்தைத் தேடினார்கள்.

லுனுகங்கவில் பாதையைத் தாழ்த்தியவரை அவர்களோடு சேர்க்க எனக்கு மனமில்லை. அவர் பாதையை மூடவில்லை. ஊரார் இன்றும் நடக்கிறார்கள். தோட்டமும் அவர் காலத்துக்குப் பின் எம் போன்றவர்களுக்குத் திறந்திருக்கிறது. நான் அவனை விட்டதற்கோ அப்படி ஒரு சுவரும் தேவைப்படவில்லை.

இனி, நண்பரின் மற்றக் கேள்வி. பார்ப்பது வெறும் ஆசைதானா? அப்படியென்றால் மாதக்கணக்கில் சீட்டுப் பிடித்து, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு இத்தனை மைல் ஏன் வந்தோம்? வயிற்றுக்காக அல்ல. எமக்குத் தேவையென்று பட்டதால் வந்தோம். எமக்குத் தேவையாகப் படுவது அவனுக்கு மட்டும் எப்படி ஆடம்பரமாகிறது? இரவெல்லாம் எம்மைச் சுமந்து வந்த பஸ்ஸில் படிக்கட்டில் நின்று விழித்திருந்தவன் அவன். அடுப்பின் சூட்டைத் தாங்கியவனுக்குக் கவளத்தில் பங்கென்றால் பாதையின் தூசியைத் தாங்கியவனுக்குப் பார்வையில் பங்கில்லையா? நண்பர் இதற்கு, "அவனிடம் கேட்டுப் பாரும், தூங்க விட்டால் போதும் என்பான்" என்றார். இருக்கலாம். கேட்கப்படாமல் விடப்பட்டதும் கேட்டபின் அவனே வேண்டாமென்றதும் ஒன்றல்ல என்பது மட்டும்தான் என் பதில்.

திரும்பும் வழியில் வெலிகமையில் நிறுத்தினோம். விரிகுடாவுக்குள் கரைக்கு மிக அருகே, நீரில் இறங்கி நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு பாறைத் தீவு. 1920களில் மொரிஸ் த மோனி என்ற பிரெஞ்சுப் பிரபு அதைக் கண்டு ஆசைப்பட்டு, எண்கோண மண்டபத்தோடு ஒரு வீடு கட்டி, பாறை தெரியாத அளவுக்கு மரங்களை வளர்த்தார். தப்ரபேன் என்ற எமது நாட்டின் பழைய பெயரையே அதற்கு வைத்தார். 1941 இல் அவர் இறந்தார். இப்போது அது வாடகைக்கு எடுத்துத் தங்குவோருக்கான மாளிகை. எமக்கு டிக்கட்டும் இல்லை, உள்ளே போகவும் வழியில்லை. நாற்பது பேரும் ஒரே மணலில் நின்றோம்.

பொடியன் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு நீருக்குள் நின்றான். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். "அங்க என்ன சேர் இருக்கு?" என்றான். தெரிந்ததையெல்லாம் சொன்னேன், பிரபுவைப் பற்றி, எண்கோண வீட்டைப் பற்றி, அவருக்குப் பிறகு அது கை மாறியதைப் பற்றி. மற்றவர்கள் படம் எடுத்து முடித்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான்.

"சுத்தி உப்புத் தண்ணிதானே சேர். அந்த மரங்களுக்கு ஊத்தத் தண்ணி எங்கால வந்திருக்கும்?"

இரண்டு நாட்களில் மூன்று தோட்டங்கள் பார்த்த எங்களில் ஒருவர்கூட எந்த இடத்திலும் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை. நான் பாறையையும் மரங்களையும் திரும்பப் பார்த்துக்கொண்டு நிற்கையில் சாரதி ஹோர்ன் அடித்தார்.