முகர்ந்து பார்த்தவளும் சூடிப் பார்த்தவளும்

நேற்று கதை முடிந்து இறங்கும்போது கல்லூரிப் பெண் ஒருத்தி வழிமறித்தாள். "மாமா, எலுமிச்சையும் மல்லிகையும் கலந்த பாடி மிஸ்ட் வாங்கியிருக்கேன். போட்டுண்டு கோயிலுக்கு வரலாமா?" பக்கத்தில் அவள் பாட்டி, 'கூடாதுன்னு சொல்லுங்கோ' என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாராளமாக வாம்மா என்றேன். பாட்டியை இன்றைக்குச் சபையில் காணோம். (சிரிப்பு)

வாசனை அற்ப விஷயமில்லை. ஆகாயத்துக்கு ஓசை மட்டும் குணம். காற்றில் ஸ்பரிசம், நெருப்பில் உருவம், நீரில் சுவை என்று ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்து, மணம் கடைசியாக மண்ணில்தான் சேர்கிறது. காஞ்சி ஏகாம்பரநாதர் மண் லிங்கம். தண்ணீர் விட்டால் கரைந்துவிடும் என்பதால் அபிஷேகமெல்லாம் ஆவுடையாருக்கு. லிங்கத் திருமேனிக்குப் புனுகு சாத்துகிறார்கள். மண்ணாக நிற்கிற சுவாமிக்கு மணத்தாலேயே உபசாரம்!

கடையில் அந்த மிஸ்டை மணிக்கட்டில் அடித்துப் பாருங்கள். குப்பென்று முதலில் வருவது எலுமிச்சை. அதன் தோலில் இருக்கிற லிமோனீன் லேசான வஸ்து, சீக்கிரம் ஆவியாகிவிடும். அது விலகிய பிறகே பூவின் மணம் தெளிவாகத் தெரியும். கொஞ்சம் பொறுத்து முகருங்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது அதற்காகத்தான். மிஸ்டில் வாசனைத் தைலம் சொற்பம், மற்றதெல்லாம் தண்ணீரும் ஆல்கஹாலும். ஆகவே பூவும் நெடுநேரம் தங்காது. இரண்டும் ஒரே மரத்தில் கிடைப்பதும் உண்டு. கசப்பு ஆரஞ்சின் பழத்தோல் ஒரு மணம் தரும். அதன் பூவிலிருந்து வடிப்பதுதான் நெரோலி.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மூக்கு செய்கிற வேலை. அடித்துக்கொண்டவரின் மூக்கு கொஞ்ச நேரத்தில் பழகிப்போய், மணமே இல்லை என்று சொல்லிவிடும். பக்கத்தில் நிற்பவருக்கோ நன்றாகத் தெரியும். காசு கொடுத்தது நாம், அனுபவிக்கிறது அடுத்தவர்!

மூக்கு என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. திருவாரூரில் அரசர் கழற்சிங்கரின் பட்டத்தரசி பூமண்டபத்தருகே விழுந்து கிடந்த ஒரு மலரை எடுத்து முகர்ந்தாள். சுவாமிக்குரிய பூ என்று கொதித்துப்போன சிவனடியார் செருத்துணையார் அவள் மூக்கை அறுத்தார். பெரிய புராணம் அவரை நாயனாராகவே போற்றுகிறது. எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். கீழே கிடந்த பூதானே!

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோதை, அதாவது நம் ஆண்டாள், செய்தது அதைவிடப் பெரிய காரியம். பெருமாளுக்குக் கட்டி வைத்த மாலையைத் தானே சூடிக்கொண்டு, கிணற்று நீரில் அழகு பார்த்தாள். மாலையில் முடி இருக்கக் கண்டு அவள் அப்பா பெரியாழ்வார் பதறி வேறு மாலை கட்டினார். பெருமாளோ அவள் சூடியதுதான் வேண்டும் என்றார். அரசி முகர்ந்தது தன் மூக்குக்கு. கோதை பார்த்ததோ, அவனுக்குத் தான் பொருத்தமா என்று. அவள் மாலை சூடியது முழுக்க முழுக்க அவனுக்கான ஒத்திகை. இன்றைக்கும் ஆண்டாள் மாலை புரட்டாசிக் கருடசேவைக்குத் திருமலைக்கும், சித்திரையில் மதுரைக்கு வரும் அழகருக்கும் போகிறது.

அரசியின் கதை இன்னும் முடியவில்லை. அங்கே வந்த கழற்சிங்கர் நடந்ததைக் கேட்டார். முதலில் பூவை எடுத்த கையையல்லவா வெட்டியிருக்க வேண்டும் என்று தாமே வாளை உருவினார். அது ஏன் என்பதை நாளை சாயங்காலம் பார்ப்போம். ஆறரைக்கே ஆரம்பித்துவிடுவேன்.