குரலின் விலையும் முதலீட்டின் அறமும்

எதிர்காலத்தைச் சரியாகக் கணித்தவருக்கு, அக்கணிப்பால் வரும் செல்வத்தின்மீது அறவழிப்பட்ட உரிமை உண்டா என்பது, பொருளியல் வினாவாகத் தோன்றினும் அடிப்படையில் அறவியல் வினாவேயாகும். இணையவழித் தொலைபேசியின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகிறது. அத்தொழில்நுட்பம் வெல்லும் என்று நம்பியோர் பிழைபடவில்லை, ஆயினும் அந்நம்பிக்கையில் பணமிட்டோர் பலர் அதை இழந்தனர்.

பழைய முறையில், உரையாடல் முடியும்வரை இரு முனைகளுக்கும் இடையே ஒரு தடம் தனியே ஒதுக்கப்பட்டது. இணையவழித் தொலைபேசியிலோ, குரல் எண்களாக மாற்றப்பட்டு, பொட்டலங்கள் எனப்படும் சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, பிற தரவுகளோடு ஒரே வலையமைப்பில் சென்று, மறுமுனையில் மீண்டும் குரலாகக் கோக்கப்படுகிறது. தடம் ஒதுக்கும் தேவை நீங்கவே, தொலைவையும் நிமிடத்தையும் அளந்து கட்டணம் பெற்ற வணிகத்தின் அடித்தளம் தளர்ந்தது. 2003இல் வெளிவந்த ஸ்கைப், தன் பயனர்களுக்கிடையிலான அழைப்புகளைக் கட்டணமின்றி வழங்கியது.

இங்கே ஒரு முரண் உள்ளது. குரலின் விலை வீழ்வது மக்களுக்கு நன்மை. விலை நிலைப்பதே முதலீட்டாளருக்கு ஆதாயம். 1990களின் இறுதியில், இணையப் போக்குவரத்து நூறு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்ற கூற்று அமெரிக்காவில் பரவலாக நம்பப்பட்டது. உண்மையில் அது ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறையே இரட்டித்தது. அந்நம்பிக்கையில் தேவைக்கு மிஞ்சிக் கண்ணாடி இழை வடங்கள் பதிக்கப்பட்டன, விலை சரிந்தது, குளோபல் கிராசிங், வேர்ல்டுகாம் ஆகிய இரு நிறுவனங்களும் 2002இல் திவாலாயின. பிறர் வலையமைப்பைப் பயன்படுத்தியதற்கான நடைமுறைச் செலவை மூலதனச் செலவாகக் காட்டி, வேர்ல்டுகாம் இலாபத்தைப் பெருக்கிக் காட்டியிருந்ததும் வெளிப்பட்டது. 2006 மே மாதத்தில், இணையவழித் தொலைபேசிச் சேவை வழங்கிய வானேஜ் நிறுவனம் தன் பங்குகளை 17 டாலர் விலையில் வெளியிட்டு, ஒரு பகுதியைத் தன் வாடிக்கையாளர்களுக்கே வழங்க முன்வந்தது. முதல் நாளிலேயே விலை சரிய, வாங்க ஒப்பியிருந்தோரில் சிலர் பணம் செலுத்த மறுத்தனர்.

அவ்வாறாயின் இத்தகைய முதலீடு சூதாட்டம்தானா? பொருள் ஈட்டுதலுக்கு ஓர் அதிகாரமும் சூதை விலக்குதற்கு மற்றோர் அதிகாரமும் பொருட்பாலிலேயே வகுத்த வள்ளுவர், இரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. சூதில் இடர் என்பது ஆடுவோர் தாமே உண்டாக்கிக்கொண்டது. ஆட்டம் முடிந்தபின் உலகுக்கு எதுவும் எஞ்சுவதில்லை. வடம் பதிப்பதன் இடரோ அத்தொழிலின் இயல்பிலேயே உள்ளது. பதித்த நிறுவனம் அழிந்தபின்னும் வடம் எஞ்சி, பிற்காலத்து மலிவான அழைப்புகளைச் சுமந்தது. எனவே நிச்சயமின்மை தானாகக் குற்றமாகாது. ஆயினும், நிறுவனம் எதனால் ஈட்டுகிறது என்பதை அறிய முயலாமல், அடுத்தவர் தலையில் அதிக விலைக்குக் கட்டிவிடும் எண்ணத்தோடு மட்டும் வாங்குபவரின் கையில் அதே பங்கு சூதுக்காயாகிவிடுகிறது. கணக்கைத் திரித்து விற்பவரின் கையில் அது வஞ்சனையாகிறது.

இழந்தவரின் பணத்தால் உலகம் பயன்பெற்றதெனில் அவ்விழப்பு கொடையாகுமா என்றும் கேட்கலாம். ஆகாது, கொடுக்கும் எண்ணமின்றிக் கைவிட்டுப் போனது கொடையன்று. ஆனால் இதன் மறுபுறம் கூடுதல் கவனத்திற்குரியது: பற்றாக்குறையைச் செயற்கையாகக் காத்து ஈட்டும் ஆதாயம் இழப்பைவிடத் தாழ்ந்தது. பழைய கட்டண வருவாய் குன்றாதிருக்க இணைய அழைப்பைத் தடைசெய்த நாடுகள் பல. வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் தனியுரிமை முடிவுற்ற பின்னரே, 2002 ஏப்ரலில், இந்தியாவும் இணையவழித் தொலைபேசியை அனுமதித்தது. அத்தகைய தடையால் வரும் இலாபம், உறவினரோடு பேச இயலாதவரின் மௌனத்திலிருந்து பெறப்படுவது.

இன்று குரல், தரவுச் சேவையின் ஒரு சிறு கூறாகிவிட்டது. இனி வருவாய் அலைக்கற்றையிலும் வடத்திலும் அவற்றைப் பேணும் உழைப்பிலுமே தங்கியுள்ளது. ஆகவே முதல் வினாவுக்கு விடை இதுவே: முன்னறிவு மட்டும் செல்வத்தின்மீது உரிமை தருவதில்லை. உண்மையான இடரை அறிந்து ஏற்று, பலருக்குப் பயன்படும் ஒன்றை நிலைநிறுத்த உதவியவருக்கே அவ்வுரிமை உண்டு. அச்சேவை எல்லார்க்கும் எளிதாவதை மனமார விரும்ப இயலாதவர், அதன் பங்கை வாங்காதிருப்பதே அறம்.